ரேம் வாங்கிப் போட்டும் நகராத பில்

ஜவுளிக்கடையில் பழைய பில்லைத் தேடுவது பெரும்பாலும் புடவை மாற்ற வருகிறவர்களுக்காகத்தான். சீட்டைத் தொலைத்திருப்பார்கள், போன் நம்பர் சொல்வார்கள். கவுண்டர் அக்கா அதை அடித்து என்டர் தட்டினால் எட்டு நொடி காத்திருக்கணும். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த எட்டு நொடியிலேயே வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

"ஏ தம்பி, இது தேடுதா, தூங்குதா?" என்றார் கடை அண்ணாச்சி.

மென்பொருள் நான் எழுதியது. தரவைச் சேமிக்க மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ், பில் டேபிளில் 34 லட்சம் வரிகள், மாடி அறையில் ஒரு பழைய விண்டோஸ் சர்வர். என் புரோகிராமைச் சந்தேகப்பட மனசு வருமா? "மெஷின் பழசு அண்ணாச்சி" என்றேன். நம்பி, 8 ஜிபி ரேமை 32 ஆக்கினார். ஒரு நொடிகூடக் குறையவில்லை. தரவை நினைவகத்தில் பிடித்துவைக்க, மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி ஒதுக்கும் பஃபர் பூல், நாமாக மாற்றாத வரை 128 எம்பிதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. வாங்கிப் போட்ட ரேம் சும்மா கிடந்தது.

அடுத்து, டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகளில் (குவெரி) மெதுவானவற்றைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாக்கை ஆன் செய்தேன். மறுநாள் பார்த்தால் ஒரு குவெரிகூடப் பதிவாகவில்லை. பத்து நொடிக்கு மேல் ஓடுவதை மட்டும்தான் அது எழுதும், நாம் மாற்றாவிட்டால் அதுதான் அளவு. நம்முடையதோ எட்டு நொடி! ஒரு நொடியாகக் குறைத்த பிறகுதான் அதே போன் நம்பர் குவெரி பக்கம் பக்கமாக விழுந்தது.

போன் நம்பர் ஃபீல்டுக்கு இன்டெக்ஸ், அதாவது முழுக்கப் புரட்டாமல் தேட உதவும் அடுக்கிய பட்டியல், முதல் நாளிலிருந்தே இருக்கிறது. கோபத்தில் வேறு பெயரில் அதே ஃபீல்டுக்கு இன்னொன்றும் போட்டிருந்தேன். மைஎஸ்க்யூஎல் ஒரு எச்சரிக்கையோடு அனுமதித்துவிடும். ஒவ்வொரு புது பில்லுக்கும் எழுதும் வேலை கூடியதுதான் மிச்சம்.

குவெரியை எப்படி ஓட்டப்போகிறது என்று மைஎஸ்க்யூஎல்லையே சொல்லவைக்கும் எக்ஸ்ப்ளெயினை முன்னால் சேர்த்து ஓட்டினேன். டைப் என்ற இடத்தில் 'ஆல்', அதாவது டேபிள் முழுக்க வாசிப்பு. பாசிபிள் கீஸ் என்ற இடத்தில் என் இரண்டு இன்டெக்ஸும் அழகாக நிற்கின்றன. எது பயன்பட்டது என்று சொல்லும் 'கீ'யில் 'நல்', அதாவது எதுவுமில்லை. கண்ணுக்கெதிரே சாவி தொங்கும்போது சுவரேறிக் குதிக்கிற கதை. அரை நாள் முழித்துவிட்டு, ஷோ வார்னிங்ஸ் அடித்துப் பார்த்தேன். டைப் (தரவின் வகை) அல்லது கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் முறை) மாற்றம் நடப்பதால் இந்த இன்டெக்ஸை எடுக்க முடியாது என்று எச்சரிக்கை எண் 1739 சொன்னது. நான் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவி இந்த எச்சரிக்கைகளைக் காட்டவே இல்லை.

டேபிளில் போன் நம்பர் வார்க்கேர், எழுத்துச் சரம். என் புரோகிராமோ, உள்ளே வரும் நம்பரை இன்டிஜராக (முழு எண்ணாக) மாற்றி, மேற்கோள் குறி இல்லாமல் குவெரியில் ஒட்டியது. தேடும் பெட்டி வழியாக யாரும் கள்ளக் கட்டளை நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்குப் பயந்து நானே செய்த 'பாதுகாப்பு' அது. சரத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் மைஎஸ்க்யூஎல் சரத்தைத்தான் எண்ணாக மாற்றும். '1', ' 1', '1a' மூன்றுமே 1-க்குச் சமமாகிவிடும். எழுத்து வரிசையில் அடுக்கிய இன்டெக்ஸில் இந்த மூன்றும் வெவ்வேறு இடத்தில் கிடக்கும் என்பதால், 34 லட்சத்தையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

குவெரியையும் மதிப்பையும் தனித்தனியே அனுப்பும் ப்ரிபேர்டு ஸ்டேட்மென்டாக மாற்றி, நம்பரைச் சரமாகவே அனுப்பினேன். எக்ஸ்ப்ளெயினில் 'ஆல்' போய், இன்டெக்ஸ் வழித் தேடலைக் குறிக்கும் 'ரெஃப்' வந்தது. என்டர் தட்டிய விரலை எடுக்குமுன் பில் திரையில் நின்றது. இரண்டாவது இன்டெக்ஸை அன்றே தூக்கிவிட்டேன்.

கூடவே பழைய மர்மம் ஒன்றும் விலகியது. தேடும்போது வெறும் 0 அடித்தால் ஆயிரக்கணக்கான பில்கள் கொட்டுவதாக அக்கா முன்பே சொல்லியிருந்தார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்பர் தராதவர்களுக்கு 'NA' என்று போட்டிருந்தார்கள். அது எண்ணாக மாறும்போது 0.

சூட்டோடு சூடாக மாதாந்திர விற்பனை அறிக்கையிலும் கை வைத்தேன். அதில் பில் தேதியை இயர், மந்த் ஃபங்ஷன்களுக்குள் போட்டிருந்தேன். ஃபீல்டை ஃபங்ஷனுக்குள் அடைத்தால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. மார்ச் 1 முதல் மார்ச் 31 வரை என்று நேரடியாகத் தேதி கொடுத்தேன். அறிக்கை பறந்தது. ஆனால் கணக்குப்பிள்ளை மறுநாளே போன் செய்தார்: "தம்பி, 31-ஆம் தேதி விற்பனையைக் காணோமே?" தேதியோடு நேரமும் இருக்கும் டேட்டைம் ஃபீல்டில் வெறும் '31' என்றால் அன்றைய நள்ளிரவு பூஜ்ய மணியோடு முடிந்துவிடும். ஏப்ரல் 1-க்கு முன்பு வரை என்று திருத்தினேன். நிதியாண்டின் கடைசி நாள் வேறு. நல்லவேளை, ஆடிட்டருக்குப் போவதற்குள் பிடித்தார்.

பெயரை வைத்துத் தேடுவது இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. 'குமார்' என்றால் முத்துக்குமாரும் செந்தில்குமாரும் வரவேண்டும், அதனால் தேடும் சொல்லுக்கு முன்னாலும், 'எது இருந்தாலும் சரி' என்று பொருள்படும் சதவீதக் குறி. முதலெழுத்து தெரியாமல் அகராதியைப் புரட்டுகிற மாதிரிதான். சொல்லைச் சின்னத் துண்டுகளாக்கிப் பதியும் என்கிராம் வகை ஃபுல்டெக்ஸ்ட் இன்டெக்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதுவரை, "நம்பர் சொல்லுங்கம்மா, பேரு வேண்டாம்" என்று அக்காவே சமாளிக்கிறார்.