ஃபீஸைவிட ஃபீஸ் கட்டும் தேதிதான் என்னை ஓடவைத்தது

2018-ல் பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக ஆன்லைனுக்கு மாறியது. சங்கரன்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் அப்பாவும் நானும் உட்கார்ந்து கல்லூரிகளை வரிசைப்படுத்தினோம். கட் ஆஃப் எவ்வளவு, பிளேஸ்மென்ட் எப்படி, ஊரிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எல்லாம் பார்த்தோம். எந்தத் தேதிக்குள் எவ்வளவு பணம் கையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. நான்கு வருடமும் பட்டது அதனால்தான்.

அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். சனிக்கிழமை கூலி வரும், ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்போம், புதன்கிழமை அம்மா கடையில் பாக்கி சொல்லுவாள். வாரக்கணக்கில் பணம் வருகிற இப்படி ஒரு வீட்டிடம் கல்லூரி வருடக்கணக்கில் பணம் கேட்கும். உதவித்தொகையும் கடனும் அவை வருகிறபோதுதான் வரும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பாதி நெஞ்சடைப்பு குறையும்.

எனக்குக் கிடைத்த முதல் உதவி முதல் பட்டதாரி சலுகை, அதாவது வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவருக்கு அரசு தரும் கட்டணச் சலுகை. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. அப்பா, அம்மாவை மட்டும் கேட்கவில்லை, இரண்டு பக்கத் தாத்தா பாட்டியும் பட்டம் படித்தவர்களா என்று கேட்டார். தாத்தா கைநாட்டு என்று அப்பா சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். இந்தச் சலுகையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அரசு ஒதுக்கீட்டில், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், அதற்கு உறுதிமொழிப் படிவமும் கொடுக்க வேண்டும். அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. எனவே வீட்டில் இரண்டு பேர் படிக்கப் போகிறார்கள் என்றால் இதை யாருக்குப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் பேசவில்லை. பேச வேண்டும் என்றே தெரியாது.

அன்றைக்குச் சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டுக் கல்விக் கட்டணம் 50,000 ரூபாய், என்.பி.ஏ. (பாடப்பிரிவின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. முதல் பட்டதாரிக்கு அதில் 25,000 கழியும். எனக்குக் கிடைத்தது 55,000 ரூபாய்ப் பிரிவு. ஆக வருடத்துக்கு 30,000, சமாளித்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். கல்லூரியில் சேரப் போன அன்று கையில் கொடுத்த தாளில் விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் 62,000, பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு 8,000, சீருடைக்கு 4,500, காப்புத்தொகை 5,000 என்று இருந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: “இப்போதைக்கு முழு 55,000-மும் கட்டிவிடுங்கள், அரசிடமிருந்து வந்ததும் 25,000-ஐத் திருப்பித் தருகிறோம்.” திரும்பி வந்தது, அடுத்த வருடம் மார்ச்சில். அதற்கும் நான் நான்கு தடவை அலுவலகத்துக்கு நடந்தேன்.

அந்த இடைவெளியை அடைத்தது தறி முதலாளியிடம் அப்பா வாங்கிய முன்பணம், 40,000. வட்டி இல்லை. ஆனால் முன்பணம் வாங்கினவர் அதை அடைக்கிற வரைக்கும் வேறு தறிக்குப் போக முடியாது என்பது தறிக்காரர் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்துத் தெருவில் கூலி கூடுதலாகக் கொடுத்தார்கள், அப்பாவால் போக முடியவில்லை. எந்த ஃபீஸ் ரசீதிலும் இந்தச் செலவு வராது. என்னைக் கேட்டால் வட்டியில்லாக் கடன்தான் எங்களுக்கு அதிக விலை வைத்தது.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. சலுகை உத்தரவைக் காட்டி, கழித்துக்கொண்டு வாங்குங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே மறுத்துவிடுவார்கள். கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிய என் வகுப்புத் தோழன் ஒருவனிடம் 30,000 மட்டும் வாங்கிக்கொண்டார்கள். இது நியாயமா என்றால் இல்லைதான், ஆனால் நடந்தது அப்படி.

அடுத்தது கல்விக்கடன். இதில் நான் இழந்தது பணத்தைவிட நாட்கள். ஜூலையில் சீட் கிடைத்த பிறகு ஆகஸ்டில் வங்கிக்குப் போனேன். மேலாளர் முதலில் “அடுத்த வாரம் வா” என்றார், பிறகு “சொத்து ஏதாவது இருக்கா?” என்றார். 4 லட்சம் வரைக்கும் சொத்துப் பிணை கேட்கக் கூடாது, நம் பங்காக முன்பணமும் போட வேண்டியதில்லை என்பது வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டத்திலேயே இருக்கிறது. அப்போது அது எனக்குத் தெரியாது. பிறகு கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் பதிந்து, அந்த எண்ணோடு போனபோதுதான் பேச்சு மாறியது. பதிவு எண் இருந்தால் மறுப்பதற்கும் அவர்கள் காரணம் எழுத வேண்டியிருக்கிறது அல்லவா.

கடனுக்காகக் கல்லூரியில் போனஃபைடு (அங்கே படிக்கிறோம் என்பதற்கான சான்று) வாங்கும்போது கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதி வாங்காதீர்கள். விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப் எல்லாவற்றையும் நான்கு வருடத்துக்கும் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளில் இருப்பதற்குத்தான் கடன். எனக்கு முதல் தாளில் விடுதி விட்டுப்போய், திரும்ப வாங்கிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. கடன் அனுமதி கிடைத்தது நவம்பரில். அதற்குள் முதல் செமஸ்டரின் மீதிப் பணத்தைக் கட்டாததற்கு அபராதம் ஏறி, ஹால் டிக்கெட்டை நிறுத்திவைத்து, கடைசி நாளில் கொடுத்தார்கள். நான் எழுதிய முதல் பல்கலைக்கழகத் தேர்வு கணிதம். முந்தைய இரவு படித்ததா, போன் பேசியதா என்று கேட்டால் போன்தான். அரியர் விழுந்தது. மார்க் குறைவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று மேடையில் பேசுகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு அந்த ராத்திரிதான் நினைவுக்கு வரும்.

வட்டி மானியம் தனிக் கதை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் சேரும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் அது. ஆனால் 2018-க்குப் பிறகு வாங்கிய கடன்களுக்கு, கல்லூரிக்கு நாக் (கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருந்தால்தான் அது பொருந்தும். வருடத்துக்கு 5,000 கூடுதல் என்று அப்பா முகம் சுளித்த அந்த என்.பி.ஏ.தான் எங்கள் வட்டியைக் காப்பாற்றியது. வருமானச் சான்றிதழை நான் தாமதமாகக் கொடுத்ததால் முதல் வருட வட்டி மட்டும் கணக்கில் ஏறிவிட்டது. இப்போது சேருகிறவர்களுக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இருக்கிறது. அது தரவரிசையில் தேர்வான நிறுவனங்களுக்கு மட்டும்தான், உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் மொத்தமாக எடுத்தது 2,80,000. 2022-ல் படிப்பு முடிந்தது, ஒரு வருட அவகாசத்துக்குப் பிறகு தவணை தொடங்கியது. ஏழு வருடத்துக்கு மாதம் 4,600 சொச்சம். அப்பாதான் கூட்டுக் கடன்தாரர் என்பதால் நான் ஒரு தவணை தவறினாலும் அவர் சிபிலிலும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) விழும். சம்பளம் வரும் தேதிக்கு மறுநாளுக்குத் தவணையை மாற்றி வைத்துக்கொண்டது நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம்.

தங்கை 2021-ல் சேர்ந்தாள். முதல் பட்டதாரி சலுகை என்னோடு முடிந்துவிட்டது, என்ன செய்வது என்று வீட்டில் எல்லோரும் முழித்தோம். அந்த வருடம்தான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்றது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் அவள் எங்கள் ஊர் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தாள். எங்கள் தெருவிலேயே ஒரு பையனை, மார்க் வரும் என்று பத்தாம் வகுப்பில் மட்டும் மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்த ஒரு வருடம் அவனுடைய நான்கு வருடக் கட்டணத்தைத் தின்றுவிட்டது. பிள்ளையைப் பள்ளி மாற்ற யோசிக்கிறவர்கள் இதையும் கணக்கில் சேருங்கள்.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியது. அவள் பெயரும் பட்டியலில் இருந்தது, மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும், மூன்று மாதம் வரவில்லை. கல்லூரியில் கேட்டால் பணம் கணக்குக்குப் போய்விட்டது என்றார்கள். கடைசியில் அம்மா பழைய பாஸ்புக் ஒன்றை வரவு போட எடுத்துப் போனபோது, ஒன்பதாம் வகுப்பில் திறந்த கணக்கில் 3,000 உட்கார்ந்திருந்தது. ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகும், நாம் படிவத்தில் எழுதுகிற கணக்குக்கு அல்ல. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் இதே வழிதான். வங்கியில் போய் ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது என்று கேளுங்கள், பத்து நிமிட வேலை.

இன்னொன்று. வேறு கல்லூரியில் இடம் கிடைத்து விலகுகிறவர்களிடம், மீதிப் பணத்தைக் கட்டினால்தான் டி.சி., மார்க் ஷீட் தருவோம் என்று சில இடங்களில் மிரட்டுவார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கல்லூரி இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணப் பட்டியலை நம்பி விருப்பப் பட்டியலை நிரப்பாதீர்கள். அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் யாரையாவது பிடித்து, முதல் வருடத்து ரசீதுகள் அத்தனையையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தொகையோடு ரசீதில் இருக்கும் தேதியையும் பாருங்கள்.