ஒரே வரி அச்சான இரண்டு தாள்கள்: ஓர் ஆய்வக நாட்குறிப்பு

2025 மார்ச் 3, திங்கள்

ஞாயிறு விடுமுறைக்கு மறுநாள் என்பதால், நான் ஆய்வகத்தைத் திறக்கும் முன்பே ஜன்னல் மேடையில் பதினொரு சளிக் குப்பிகள் காத்திருந்தன. சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் எங்கள் சிபிநாட் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் நான்கு மாதிரிகளைத்தான் வைக்க முடியும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே எந்த நான்கை முதலில் வைப்பது என்று முடிவு செய்வதே திங்கட்கிழமைகளில் என் முதல் வேலை. முன்பு காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்கள், மருந்து சாப்பிட்டு வந்தும் சளியில் கிருமி மறையாதவர்கள், எம்டிஆர் (முக்கிய மருந்துகளான ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுக்கும் அடங்காத காசநோய்) நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆகியோரின் குப்பிகளை முன்னுக்கு நகர்த்துவது என் வழக்கம்.

மூன்று குப்பிகளில் இருந்தது வெறும் எச்சில். வாய் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளியில் நின்று, மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் நானே செய்து காட்டவேண்டியிருக்கிறது. எச்சிலைக் கொடுத்தால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரமும் 'கிருமி இல்லை' என்று கூசாமல் சொல்லிவிடும்.

மற்றவற்றில் சளியைப்போல் இரண்டு பங்கு கரைசலை ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, பத்து நிமிடம் வைத்து, மறுபடியும் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தேன். நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்த சளி பதினைந்தாம் நிமிடத்தில் அரிசி கழுவிய நீரைப்போல் ஓடத் தொடங்கும். அதிலிருந்து 2 மில்லி எடுத்து, ஒருமுறை மட்டும் பயன்படும் சோதனைப் பெட்டியான கார்ட்ரிட்ஜுக்குள் விட்டு மூடினால், அதன்பிறகு நம் கைக்கு வேலை இல்லை. முதல் சுற்றில் மூன்று இடங்கள் வழக்கப்படி நிரம்பின. நான்காம் இடத்தை, வெளியே பெஞ்சில் தாயுடன் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவனின் குப்பிக்குக் கொடுத்தேன்.

மதியம் அந்த நான்கில் இரண்டு தாள்களில் 'ரிஃபாம்பிசின் ரெசிஸ்டன்ஸ் டிடெக்டட்' (ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டு) என்று வந்தது. ஒன்று, நாற்பது வயதுள்ள கட்டடத் தொழிலாளிப் பெண்மணியுடையது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இருமல் நின்றுவிட்டதே என்று மூன்றாம் மாதத்தில் மாத்திரையை விட்டவர் அவர். மற்றொன்று மாணவனுடையது. அவனுக்கு இதற்குமுன் நோய் வந்ததில்லை. வீட்டிலும் எவருக்கும் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு தாள்களிலும் அச்சான வரி ஒன்றே. ஆனால் கணினியில் வளைகோடுகளைத் திறந்து பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல.

கிருமி தன் டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏவாக எழுதிக்கொள்ள ஒரு நொதியை நம்பியிருக்கிறது. ரிஃபாம்பிசின் அந்த நொதியைப் பற்றிக்கொண்டு எழுத்து வேலையை நிறுத்துகிறது. அந்த நொதியின் ஒரு பாகத்துக்கான மரபணுவின் பெயர் ஆர்பிஓபி. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் நூற்றுக்கு 95 அளவிலானவற்றில், அந்த மரபணுவின் 81 எழுத்துகள் மட்டுமே கொண்ட சிறு துண்டுக்குள் ஏதோ ஓர் எழுத்து மாறியிருக்கும். இயந்திரம் அந்தத் துண்டைச் சுழற்சி சுழற்சியாகத் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பெருக்கி, ஏ (A) முதல் இ (E) வரையிலான ஐந்து புரோப்களை, அதாவது ஒட்டினால் ஒளிரும் சிறு டிஎன்ஏ துண்டுகளை, அதன்மேல் ஒட்டவிடுகிறது. எழுத்து மாறாத இடத்தில் புரோப் ஒட்டிக்கொண்டு ஒளிரும்; மாறிய இடத்தில் ஒட்டாது. ஒவ்வொரு புரோப்பின் ஒளி கூடுவதைக் காட்டுவதே ஒரு வளைகோடு.

பெண்மணியின் மாதிரியில் நான்கு கோடுகள் பதினெட்டாம் சுழற்சியை ஒட்டி ஒன்றாகக் கிளம்பி மேலேறின. 'இ' மட்டும் கடைசிவரை தரையோடு தரையாகக் கிடந்தது. இதில் ஐயத்துக்கு இடமில்லை. மாணவனுடையதில் ஐந்து கோடுகளும் ஏறின; நான்கு முப்பத்தொன்றாம் சுழற்சியளவில் கிளம்ப, ஒன்று மட்டும் நான்கு சுழற்சிக்குச் சற்று அதிகமாகப் பின்தங்கி வந்தது. அந்த இடைவெளி நான்கைத் தாண்டினால் 'எதிர்ப்பு உண்டு' என்று எழுதவேண்டும் என்பது இயந்திரத்துக்குச் சொல்லிவைத்திருக்கும் விதி; அது விதிப்படி எழுதிவிட்டது. ஆனால் கிருமியின் அளவு அவனுடையதைப்போல் 'வெரி லோ' (மிகக் குறைவு) என்று வரும்போது, எழுத்து எதுவும் மாறாமலேயே ஒரு கோடு இப்படிப் பின்தங்குவது உண்டு.

புதிய நோயாளி, எம்டிஆர் தொற்றுக்கு வாய்ப்புக் குறைவு என்றால், வேறொரு சளி மாதிரியில் மறுபடி பார்த்து, அந்த இரண்டாம் முடிவின்படி நடக்கவேண்டும் என்பதே வழிகாட்டு நெறி. மருத்துவ அலுவலரிடம் வளைகோட்டைக் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். தாழ்வாரத்தில் அந்தத் தாய் என்னை நிறுத்தி, "சார், பையனுக்கு வந்திருக்கிறது பெரிய டிபியா?" என்று கேட்டார். "இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றோம்மா. நாளைக்குக் காலையில எழுந்ததும் வர்ற சளியைக் கொண்டு வாங்க" என்றேன். அந்த ஓர் இரவை அவர் எப்படிக் கழிப்பார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

மார்ச் 5, புதன்

மாணவன் நல்ல கெட்டியான சளி கொண்டுவந்தான். கெட்டி சற்று அதிகமாகிவிட்டது போலும். இருபது நிமிடத்தில் அழுத்தப் பிழை காட்டி ஓட்டம் நின்றுவிட்டது. மிச்சமிருந்த கரைசலை இன்னொரு கார்ட்ரிட்ஜில் விட்டு மறுபடி தொடங்கினேன். ஒரு கார்ட்ரிட்ஜின் சலுகை விலை 2012 முதல் 9.98 டாலராக இருந்து, 2023-இல்தான் 7.97 டாலராக இறங்கியது. வீணான ஒவ்வொன்றையும் பதிவேட்டில் காரணத்தோடு எழுதவேண்டும். இந்த மாத இருப்பு ஏற்கெனவே குறைவு.

மாலை மூன்றரைக்கு முடிவு வந்தது. கிருமி உண்டு, அளவு 'லோ' (குறைவு), ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. ஐந்து கோடுகளும் கைகோத்து நடப்பவர்களைப்போல் இருபத்து நான்காம் சுழற்சியில் சேர்ந்தே கிளம்பியிருந்தன. நாளை முதல் அவனுக்கு வழக்கமான ஆறு மாத மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படவேண்டாம் என்று அந்தத் தாயிடம் இருமுறை சொல்லியனுப்பினேன்.

இத்துடன் எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நாங்கள் பயன்படுத்தும் கார்ட்ரிட்ஜ் ஐசோனியசிட் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்குக் கேட்ஜி, ஐஎன்எச்ஏ மரபணுக்களைப் பார்க்கும் எல்பிஏ பட்டைச் சோதனை வேண்டும். அது பெரிய ஆய்வகத்தில்தான் நடக்கும். மாணவனின் சளியில் கிருமி குறைவு என்பதால், அங்கே முதலில் கிருமியை வளர்த்தெடுத்த பிறகே பட்டையில் பார்ப்பார்கள். அதற்கு வாரங்கள் ஆகும்.

மார்ச் 7, வெள்ளி

பெண்மணியின் இரண்டாவது மாதிரி எல்பிஏ சோதனைக்காக, மூன்று அடுக்குப் பொதியில், குளிர்பெட்டிக்குள் செவ்வாயன்றே புறப்பட்டுவிட்டது. மருந்து தொடங்கும் முன் எடுக்கவேண்டிய ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் இன்று முடிந்தன. எம்டிஆருக்கான மருந்துகளில் பெடாக்விலின் இதயத் துடிப்பின் சீரையும், லினசோலிட் ரத்த அணுக்களையும் பாதிக்கக்கூடும் என்பதால் இவை தவிர்க்க முடியாதவை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எம்டிஆர் நோயாளிகளுக்குக் கேனமைசின் ஊசி மாதக்கணக்கில் போடுவார்கள். நோய் தீர்ந்தும் காது கேளாமல் போன ஒருவர், என் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். ஊசியில்லாத இன்றைய சிகிச்சையை யாராவது குறை சொன்னால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

மார்ச் 12, புதன்

எல்பிஏ முடிவு வந்தது. பெண்மணியின் கிருமி ஐசோனியசிடுக்கும் அடங்கவில்லை. ஆக, இனி அது ஐயமின்றி எம்டிஆர். ஆனால் ஜைர்ஏ மரபணுவில் மாற்றம் இல்லாததால் லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் வகை மருந்துகள் பலிக்கும். பெடாக்விலின் அடங்கிய சிகிச்சை இன்று தொடங்கியது.

இயந்திரம் எடுத்துக்கொண்டது இரண்டு மணி நேரம். பொதியும் பயணமும் வரிசையும் கையெழுத்தும் எடுத்துக்கொண்டவை எட்டு நாள்கள். கூட்டங்களில் முதல் எண்ணை மட்டும் சொல்கிறார்கள்.

மார்ச் 24, திங்கள்

உலகக் காசநோய் நாள். 1882-இல் இதே தேதியில்தான் ராபர்ட் கோக் பெர்லினில் இந்தக் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். வாசலில் மாணவியர் பதாகை பிடித்து நின்றார்கள். நான் உள்ளே நுண்ணோக்கியில் பழைய நோயாளிகளின் சளித்தகடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நவீன இயந்திரம் இருக்கையில் இது எதற்கு என்று பயிற்சிக்கு வந்த பெண் கேட்டாள். மருந்தால் செத்த கிருமியின் டிஎன்ஏவையும் இயந்திரம் எண்ணிவிடும். ஆகவே சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க நுண்ணோக்கியும் கிருமி வளர்ப்பும்தான் உதவும் என்று விளக்கினேன்.

பெண்மணியின் கணவரும் இரண்டு குழந்தைகளும் இன்று பரிசோதனைக்கு வந்தார்கள். கணவருக்குக் கிருமி இல்லை. மூத்த பையனுக்கு இருமலே இல்லை. எக்ஸ்ரேயும் தெளிவாக இருக்கிறது. ஆறு வயதுச் சிறுமிக்கு மூன்று வாரமாகச் சளியும் மாலைக் காய்ச்சலும் இருக்கின்றன. அவளுக்கு இருமித் துப்பத் தெரியவில்லை. இரவில் விழுங்கிய சளியைக் காலையில் வெறும் வயிற்றில் குழாய் வழியாக எடுக்கவேண்டும் என்பதால் வார்டில் சேர்த்திருக்கிறார்கள். நாளை முதல் சுற்றில் ஓரிடத்தை அவளுக்கென்று பதிவேட்டில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.