கழுவி முடிந்த தண்ணீர்

தண்ணீர் மாதிரிகளைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்த வருடம், ஒரு ஜூன் மாதச் சாயங்காலம். நீண்ட வெயிலுக்குப் பிறகு சென்னையில் திடீர் மழை. புதுப்பேட்டைப் பக்கம் ஒரு மழைநீர் வடிகாலில் மாதிரி எடுக்க வேண்டும். எழும்பூரில் வண்டிகள் நகரவே இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. தண்ணீர் ஓரளவு தெளிவாகத்தான் ஓடியது. துத்தநாகம், தாமிரம், எண்ணெய் எல்லாமே குறைவாக வந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். அறிக்கையைப் பார்த்த மூத்த டெக்னீஷியன், "மழை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுதும்மா? நீ எத்தனை மணிக்கு எடுத்தே?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"அப்ப நீ எடுத்தது கழுவி முடிஞ்ச தண்ணி."

மழை இல்லாத நாட்களில் சாலையில் என்னென்னவோ சேர்கிறது. டயர் தேயத் தேய ரப்பர்த் தூள் விழுகிறது; ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடும் அதோடு விழுகிறது. பல பிரேக் பேடுகளில் தாமிரம் உண்டு. அப்புறம் டீசல் கரி, சொட்டுச் சொட்டாக ஒழுகிய எஞ்சின் ஆயில். முதலில் ஓடும் தண்ணீர்தான் இதில் பெரும்பங்கை வாரிக்கொண்டு போகிறது. பின்னால் வருவது பார்க்கச் சுத்தமாக இருக்கும். அந்த அறிக்கை அப்படியே போயிருந்தால், அந்த வடிகாலில் பிரச்சினையே இல்லை என்று நான் எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு உறுத்துகிறது.

பாட்டில் பிடிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். உலோகத்துக்கு பிளாஸ்டிக் பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம். அமிலம் இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில். மற்ற பல சோதனைகளுக்கு மாதிரித் தண்ணீரிலேயே பாட்டிலை அலசிவிட்டுப் பிடிப்போம். எண்ணெய் பாட்டிலை மட்டும் அலசவே கூடாது. அலசினால் அந்த எண்ணெயும் கண்ணாடியில் படிந்து, கணக்கு ஏறிவிடும்.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கடலிலிருந்து முட்டையிட ஓடைகளுக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்த சில மணி நேரத்தில் செத்து மிதப்பதற்குப் பல வருடங்களாகக் காரணம் தெரியாமல் இருந்தது. டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. மீன்களைக் கொன்றது அதுதான். அந்த 6பிபிடி உலகம் முழுக்க டயர்களில் இருக்கிறது. நாங்கள் வழக்கமாகச் சோதிக்கும் பட்டியலில் குயினோன் கிடையாது. கூவமோ சாக்கடையால் ஏற்கெனவே மூச்சுத் திணறிக் கிடக்கிறது. இங்கே ஒரு மீன் செத்தால் எதனால் செத்தது என்று பிரித்துச் சொல்வது ரொம்பக் கடினம்.

ஆனால் டயர்த் தூளைப் பார்க்கலாம். வடிகால் சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், அழிரப்பர் தேய்க்கும்போது உருண்டு விழுமே, அதே மாதிரி நீளநீளமாகக் கறுப்புத் துணுக்குகள். மேலெல்லாம் மணல் ஒட்டியிருக்கும். உலோகமும் எண்ணெயும் பெரும்பாலும் இந்த நுண்ணிய சேற்றைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன.

அதனால்தான் தூர்வாரிய சேற்றை வடிகால் ஓரத்திலேயே குவித்து வைப்பதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. போன அக்டோபரில் ஓர் இடத்தில் மாதிரி எடுக்கக் காத்திருந்தேன். பக்கத்தில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புச் சேறு. கையுறை இல்லாமல் அதை அள்ளிப் போட்ட தொழிலாளி சுவரோரம் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார். இதை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன்.

"காலையில லாரி வந்துரும் மேடம்."

எங்களிடமிருந்த கையுறை ஜோடிகளில் இரண்டைக் கொடுத்தேன். அதற்குள் தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. குவியலின் அடியிலிருந்து முதல் கறுப்பு ஓடை பிரிந்து, சாலையோரமாகவே போய் வடிகால் கம்பிக்குள் இறங்கியது. பாட்டிலைப் பிடித்தேன். டீ டிக்காஷன் நிறம். சீட்டில் எழுதினேன்: மழை ஆரம்பம் 4.10, மாதிரி 4.14. ஐந்து மணிக்குக் கிளம்பும்போது சேறு முழங்கால் உயரம்கூட இல்லை.