பெருங்கடை ஃபேட் பைக்கைச் சோதித்து வாங்குவது

பெங்களூருப் பெருங்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஃபேட் பைக்கை (தடித்த, அகலமான டயர் கொண்ட மிதிவண்டி), நான்கு அங்குல டயரின் மிடுக்கை மட்டும் பார்த்து வாங்கிவிட வேண்டாம் என்று அல்சூர் நண்பர்களிடம் வற்புறுத்திச் சொல்லிவருகிறேன். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றும்போது ரிம் கோணாமல் ஓட வேண்டும். மிதிகட்டை பொருத்தப்பட்ட கையான கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிதும் ஆட்டம் இருக்கக் கூடாது. அவசரமாகப் பூட்டிய வண்டிகளில், முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கே முன்பின்னாகத் திரும்பியிருப்பதுண்டு. அதற்கு அடையாளமாக, ஓட்டுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டிய முன் டிஸ்க் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) வலப்பக்கம் தெரிந்தால், அந்த வண்டியை (விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்) அப்படியே ஓட்டுவது ஆபத்து. பின்சக்கரத்தில், ஹப்பின் மேல் செருகிப் பொருத்தும் பற்சக்கர அடுக்கான கேசட்டுக்குப் பதிலாக, திருகிப் பொருத்தும் பற்சக்கர அடுக்கான ஃப்ரீவீல் இருந்தால், பளுவான இரும்புச் சட்டமும் நம் சாலைக் குழிகளும் சேர்ந்து அச்சை வளைத்துவிடக்கூடும் என்பதால், கனமான உடல்வாகு உள்ளவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.