கட்டி முடித்த கடன் கிரிப்பில் நிலுவையாக நின்றது

வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை போடலாமென்று ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தேன். சம்பளச் சீட்டு, காணி உறுதி எல்லாம் சரி. இரண்டு கிழமை கழித்துக் கூப்பிட்டு, "அண்ணை, கிரிப்பில உங்கட பேரில ஒரு லீசிங் நிலுவை நிக்குது" என்று அங்கிருந்த தங்கச்சி சொன்னபோது எனக்கு முகம் கறுத்துவிட்டது. (கிரிப் என்று நாங்கள் சொல்வது, ஆட்களின் கடன் விபரங்களை வைத்திருக்கிற இலங்கைக் கடன் தகவல் பணியகத்தை.) மோட்டார் சைக்கிள் வாங்க லீசிங் கம்பனியில் எடுத்த கடனைக் கட்டி முடித்து, வாகனப் புத்தகத்திலிருந்து கம்பனியின் பெயரையும் எடுத்தாயிற்றே!

வெளியே வந்து கதைத்தால் ஆளுக்கொரு யோசனை. காசு தந்தால் கிரிப்பில் இருந்து பெயரை எடுத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். தயவுசெய்து அப்படி யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். இந்தப் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அங்கே கறுப்புப் பட்டியல் எதுவும் கிடையாது. வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் அனுப்புகிற விபரம்தான் எங்கள் கடன் அறிக்கையில் வரும், அதனால் பிழையென்றால் திருத்த வேண்டியதும் அனுப்பியவர்கள்தான். உண்மையாகவே தவணை பிந்தியிருந்தால் அதை யாராலும் அழிக்க முடியாது, கட்டி முடித்து அது முடிந்ததாகப் பதிய வைப்பது மட்டும்தான் வழி.

நான் முதலில் என்னுடைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். (ஒருவருக்குப் பிணை நின்றிருந்தால் அதுவும் அதில் வரும், கூடப் படித்தவன் கேட்கிறான் என்று கையெழுத்து வைக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.) அப்புறம் கடைசிப் பற்றுச்சீட்டோடும் கடன் தீர்ந்த கடிதத்தோடும் லீசிங் கந்தோருக்குப் போனேன். தாமதக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கணக்கில் அப்படியே கிடந்திருக்கிறது, கடிதம் தந்தவர்களே கணக்கை மூடவில்லை! கோபம் வந்தது, ஆனால் சத்தம் போடாமல் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். பணியகத்துக்கும் பிழை என்று எழுதினேன், அவர்கள் அதைக் கம்பனிக்கு அனுப்பித்தான் கேட்பார்கள்.

இரண்டு மாதமும் எத்தனையோ தொலைபேசி அழைப்பும் ஆயின. பதிவு திருந்திய பிறகு புது அறிக்கை எடுத்து அதே தங்கச்சியிடம் கொடுத்தேன். இப்போது அத்திவாரம் வெட்டுகிறார்கள். அந்தக் கடன் தீர்ந்த கடிதம் காணி உறுதியோடு அலுமாரியில் இருக்கிறது.