ஆயா நிறுத்திய மாத்திரை

போன மாசிக்குத் தேவகோட்டை போயிருந்தபோது ஆயா இரண்டாங்கட்டில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். "பிரஷர்தான் எறங்கிருச்சுல்ல, பெறகு எதுக்குடா மாத்திரை?" என்றார்கள். மூன்று நாளாகவே போடவில்லையாம். அன்று ராத்திரி நெஞ்சு படபடவென்று அடித்து, நாடி பிடித்தால் நிமிஷத்துக்கு 118. காரைக்குடிக்குக் கார் பிடித்து ஓடினோம்.

நிறுத்தியது மெட்டோப்ரோலால், பீட்டா பிளாக்கர் வகை. அட்ரினலின் இதயத்தில் வந்து ஒட்டுகிற இடங்களை அடைத்துத் துடிப்பை நிதானமாக வைக்கிற மருந்து. மாதக்கணக்கில் அப்படி அடைத்தே வைத்திருந்தால் இதயமும் சும்மா இருக்காது, அந்த மாதிரி இடங்களை இன்னும் கூட்டிக்கொள்ளும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் அட்ரினலின் அத்தனையிலும் போய் ஒட்டி ஒரே ஓட்டமாக ஓடவிடும். இதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு இது மாரடைப்பில்கூட முடியலாம். விடுவதென்றால் டாக்டர் சொல்படி, ஒரு வாரம் இரண்டு வாரமாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

அதற்கு முன்னால் அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையின் கூத்து வேறு. சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். இதயம்தான் போய்விட்டதென்று வீடே பயந்தது. கடைசியில் மருந்துதான் காரணம்: ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாய்களை அது தளர்த்துகிறது, திரும்பக் கொண்டுபோகும் குழாய்களை அந்த அளவுக்குத் தளர்த்துவதில்லை, அதனால் நீர் கசிந்து காலில் தேங்குகிறது. (வீங்கினால் பார்த்துத்தான் ஆக வேண்டும், எல்லா வீக்கமும் இப்படி இருக்காது.) அப்புறம் டெல்மிசார்ட்டனுக்கு மாற்றினார்கள்.

ஆயாவிடம் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு, மெஷின் காட்டுகிற நம்பர் மட்டும் கணக்கில்லை என்பதுதான். உலக்கை பிடித்த கை தடித்தால் அது பலம். வருஷக்கணக்காகப் பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது அறைச் சுவர் தடித்தால் அது பலமில்லை, விறைத்துப்போகும், ரத்தத்தை நிரப்பிக்கொள்ளவே சிரமப்படும். 2002-இல் வெளிவந்த லைஃப் (LIFE) என்ற ஆய்வில், சுவர் தடித்திருந்த 9,193 பேரில் பாதிப் பேருக்கு டெல்மிசார்ட்டன் வகையைச் சேர்ந்த லோசார்ட்டன், மீதிப் பேருக்கு பீட்டா பிளாக்கர் வகையான அட்டெனலால். பிரஷர் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு இறங்கியது, ஆனால் தடிப்பு லோசார்ட்டன் பக்கம்தான் அதிகம் குறைந்தது, பக்கவாதமும் அங்கே குறைவு.

ஆயாவின் முதல் எக்கோவில் (இதய ஸ்கேனில்) சுவர் 13 மில்லிமீட்டர். போன வாரம் எடுத்ததில் 11. போனில் சொன்னேன்.

"அப்ப நிறுத்திரலாமாடா?"