கழித்த வண்டியின் காலிப்பரும் பழைய மாஸ்டர் சிலிண்டரும்

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்தி நிறுத்துவது) கொண்ட ஒரு பழைய காரின் முன்பக்கத்தை டிஸ்க் பிரேக்குக்கு (சுழலும் தட்டை இரு பக்கமும் கவ்வி நிறுத்துவது) மாற்றும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தபோது, இரண்டு நாளில் முடித்துத் தருவதாக நானே வாக்குக் கொடுத்தேன். அதே நிறுவனம் பின்னாளில் தயாரித்து, விபத்துக்குப் பின் கழிக்கப்பட்ட ஒரு காரிலிருந்து சக்கரத்தைத் தாங்கும் நக்கிள், ஹப், டிஸ்க், அதைப் பேடுகளால் கவ்வும் காலிப்பர் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகக் கழற்றி வந்திருந்தோம். நக்கிளை வண்டியோடு இணைக்கும் பால் ஜாயின்டின் கூம்பு அப்படியே பொருந்தியதால் மாட்டும் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் ஒன்பது நாள் அந்த வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை.

கழித்த வண்டியின் பாகங்களில் இரும்பை அளந்து நம்பலாம், ரப்பரை நம்பக்கூடாது என்பது என் வழக்கம். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை மைக்ரோமீட்டரால் சரிபார்த்ததில் ஒன்று தேறவில்லை. ஆகவே இரண்டையுமே புதிதாகப் போட்டோம். கழித்த வண்டியின் ரப்பர் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கக்கூடும் என்பதால், அதைப் பயன்படுத்தவே இல்லை.

முதல் ஓட்டத்தில், சில கிலோமீட்டருக்குள் முன்சக்கரங்கள் இரண்டும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டன. காலிப்பர்கள் எங்கிருந்தோ வந்தவை என்பதால் பிஸ்டன் இறுகியிருக்கும் என்று முடிவுகட்டி, அவற்றைப் பிரித்து, புதிய சீல் போட்டு மீண்டும் பூட்டினேன். போதாக்குறைக்கு அவசரத்தில் இடது வலது மாறிப்போய், காற்றை வெளியேற்ற மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழ்ப்பக்கம் அமைந்துவிட்டது. எவ்வளவு ஏர் எடுத்தும் பெடல் பஞ்சுபோல் அமுங்கியதற்குக் காரணம் அதுதான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. இவ்வளவுக்கும் பிறகு சக்கரம் முன்பு போலவே சுட்டது.

கடைசியில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் குழாயின் நட்டை லேசாகத் தளர்த்தினேன். கொஞ்சம் பிரேக் ஆயில் பீச்சியது. அந்தக் கணமே, கையால் திருப்ப முடியாமல் இருந்த சக்கரம் சுழன்றது. காலிப்பரில் குற்றமில்லை. வண்டியோடு பிறந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் இருந்த சிறிய வால்வு, பெடலை விட்ட பிறகும் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைக் குழாயில் பிடித்து வைத்திருந்தது. டிரம்முக்கு அது தேவை. அங்கே அந்த அழுத்தத்தையும் மீறி ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டையை) இழுத்துக்கொள்ள வலுவான ஸ்பிரிங் இருக்கிறது. காலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது, சீலின் நெகிழ்ச்சி மட்டுமே பிஸ்டனை நூலிழை அளவுக்குப் பின்னுக்கு இழுக்கிறது. அந்தச் சிறு அழுத்தமே பேடை டிஸ்க்கோடு உரசவைக்கப் போதுமானது. வெளியிலிருந்து வந்த பாகத்தின் மேலேயே சந்தேகத்தை வைத்திருந்ததால், வீட்டுக்குள் இருந்ததை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கழித்த வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையும், மிதிக்கும் பலத்தைப் பெருக்கும் பூஸ்டரையும் வாங்கிவந்து, சீல் தொகுதியைப் புதிதாகப் போட்டு மாட்டினோம். டிரம்மில் முன் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால் பூஸ்டர் இல்லாமல் பெடல் கல்லாக இருந்திருக்கும். ஆனால் பூஸ்டரின் பலம் பின்பக்க டிரம்முக்கும் போய்ச் சேர்ந்தது. ஈரமான திறந்த வெளியில் அழுத்திப் பார்த்தபோது பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு, வண்டியின் வால் பக்கவாட்டில் வீசியது. உள்ளே இருந்த எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பின்பக்கக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அரைச் சுற்றாகத் திருகி, முன்சக்கரங்கள் முந்திக்கொண்டு பூட்டும் நிலைக்குக் கொண்டுவந்தோம். அந்த இடத்தில் லாக் நட்டை இறுக்கி, யாரும் தெரியாமல் திருப்பிவிடாதபடி திருகின் மேல் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.